சாப்பாட்டுக்கு ஆள் உண்டு, கரண்ட் பில்லுக்கு?

முதியோர் இல்லம், ஆதரவற்ற குழந்தைகள் காப்பகம், சிறப்புப் பள்ளி என்று நம் ஊர்ப்பக்கம் எங்கே போனாலும் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும். இன்றைய மதிய உணவு இன்னாரின் பிறந்தநாளை முன்னிட்டு, அல்லது இன்னாரின் நினைவாக என்று அதில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். உள்ளே மேனேஜர் மேசையில் ஒரு டைரி. தேதிவாரியாகப் பெயர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டி இருக்கும். அமாவாசைக்கு மூன்று குடும்பங்கள் கேட்டிருக்கும். அதே மேசையின் இழுப்பறையில் கட்டாத மின்கட்டண அட்டையும், வேன் டயருக்கு மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டும் கிடக்கும். அவற்றுக்குக் கரும்பலகை கிடையாது.

தொண்டு நிறுவனங்களின் பண நிலையைப் புரிந்துகொள்ள இந்த மேசையிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறு ஊர் ஒன்றில், அறிவுசார் குறைபாடுள்ள 40 குழந்தைகளுக்குப் பகல்நேரப் பயிற்சி மையம் ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறப்பாசிரியர்கள் நான்கு பேர், தலைக்கு 18,000 ரூபாய் சம்பளம், அது 72,000. இயன்முறை மருத்துவருக்கு 20,000. ஆயாக்கள் இருவருக்கும் சேர்த்து 18,000. வேன் ஓட்டுநரின் சம்பளமும் டீசலும் 30,000. வாடகை 15,000. மின்சாரம், தொலைபேசி, இணையம் 6,000. கணக்கு எழுதுபவருக்கும் ஆடிட்டருக்கும் மாதக் கணக்கில் 9,000. மருந்து, சில்லறைப் பழுதுபார்ப்பு 4,000. சாப்பாடு ஒரு குழந்தைக்கு 35 ரூபாய் வீதம் 26 நாளைக்கு ஏறக்குறைய 36,000. எல்லாம் கூட்டினால் மாதம் 2,10,000 ரூபாய். எண்கள் நான் போட்டவை. ஆனால் இப்படி ஒரு மையம் நடத்துகிறவர்கள் பார்த்தால் பெரிதாக மறுக்கமாட்டார்கள்.

இதில் சாப்பாடு ஆறில் ஒரு பங்குதான். நன்கொடை தர வருகிற பத்துப் பேரில் பெரும்பாலோர் அந்த ஆறில் ஒரு பங்குக்குத்தான் வருகிறார்கள். அன்னதானம் நம் ரத்தத்தில் ஊறியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் குழந்தை அந்த மையத்துக்கு வருவது சாப்பிட அல்ல. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளக் கற்க வருகிறது. அதைக் கற்றுக்கொடுப்பவர் சிறப்பாசிரியர். அவருடைய சம்பளத்தைத் தன் பிறந்தநாளுக்குத் தருகிறேன் என்று சொல்லி வருகிறவர் மிகக் குறைவு.

மீதி 1,74,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இனிச் சொல்லப்போவது.

பிடி அரிசியும் சாவாத ஆடும்

பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டும் வழிகள் நமக்குப் புதியவை அல்ல. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலா பள்ளி பிடி அரிசியால் வளர்ந்தது. உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டுவைப்பார்கள்; சேர்ந்ததும் வந்து வாங்கிப் போவார்கள். அதோடு மகிமை என்று ஒன்று இருந்தது. விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் உறவின்முறை என்கிற தங்கள் சமூகச் சங்கத்தின் பொதுநிதிக்கு எடுத்துவைத்தார்கள். பள்ளி, கிணறு, பேட்டை எல்லாம் அதில் எழுந்தன. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு, ஊர் ஊராகக் கொண்டுவந்து கொடுக்கும் அரிசியிலும் காய்கறியிலும்தான் இன்றும் எரிகிறது.

இவற்றைவிட எனக்கு வியப்பு, சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ஆடுகள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும். அதற்கு ஒருவர் 90 ஆடோ 96 ஆடோ தானம் கொடுப்பார். அவை ஓர் இடையரிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழட்டு ஆடு சாகும், குட்டி பிறக்கும். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் கல்வெட்டு அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கிறது. ஆட்டை யாரும் தொடக் கூடாது, அது தரும் நெய்யை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு.

இன்று ஆடிட்டர்கள் கார்பஸ் நிதி என்று சொல்வது இதைத்தான். அசலை வங்கியில் போட்டுவிட்டு வட்டியில் செலவு செய்வது. நாம் போட்ட கணக்கில் வாடகைக்கும் மின்சாரத்துக்கும் மட்டும் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000 ரூபாய். 7 சதவீத வட்டியில் அது வர வேண்டுமென்றால் 36 லட்சம் ரூபாய் அசல் வேண்டும். மையத்தின் முழுச் செலவும் வட்டியிலேயே நடக்க வேண்டுமென்றால் 3 கோடியே 60 லட்சம். விலைவாசி ஏறுவதால் வட்டியில் ஒரு பகுதியைத் திரும்ப அசலில் சேர்க்கவும் வேண்டும். குட்டிகளை எல்லாம் விற்றுவிட்டால் மந்தை எங்கே நிற்கும்? சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. இது கார்பஸுக்கு என்று கொடுப்பவர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். பணத்தைச் சட்டம் அனுமதிக்கிற முதலீடுகளில் தனியாகப் போட்டுவைக்க வேண்டும். இருபது வருடம் நடந்த சிறு அமைப்புகளில்கூட இந்த மந்தை பெரும்பாலும் இருப்பதில்லை. மாதச் சம்பளத்துக்கே ஓடுகிறவர்கள் ஆடு சேர்ப்பது எப்போது?

உங்கள் கையிலிருந்து போகிற பணம்

நன்கொடை கேட்டு வருகிற அமைப்பு சட்டப்படி மூன்றில் ஒன்றாக இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்த அறக்கட்டளை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்ப் பதிந்த சங்கம். அல்லது கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் லாப நோக்கற்ற கம்பெனி. எதுவாக இருந்தாலும் வருமான வரித்துறையின் இரண்டு பதிவுகள் முக்கியம். 12ஏ என்று எல்லோரும் சொல்கிற பதிவு இருந்தால் அமைப்புக்கு வருகிற பணத்துக்கு, விதிகளுக்கு உட்பட்டு, வரி இல்லை. 80ஜி இருந்தால் பணம் கொடுக்கிற உங்களுக்கு வரிச்சலுகை. முன்னது அமைப்புக்கானது, பின்னது உங்களுக்கானது. 2025இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றிவிட்டது. ஆனாலும் பேச்சில் இந்தப் பழைய பெயர்கள் போக நாளாகும்.

80ஜி சலுகை பற்றிப் பலருக்கும் ஒரு தப்பெண்ணம் உண்டு. கொடுத்த பணம் முழுவதும் வரியில் கழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஒரு சாதாரணத் தொண்டு நிறுவனத்துக்கு 10,000 ரூபாய் கொடுத்தால் அதில் பாதி, 5,000 ரூபாய், உங்கள் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். நீங்கள் 20 சதவீத வரி கட்டுகிறவராக இருந்தால் மிச்சமாவது 1,000 ரூபாயும் சொச்சமும். மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பும் இருக்கிறது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. அரிசி மூட்டையாகவோ துணியாகவோ கொடுத்தாலும் கிடையாது. சலுகை பணத்துக்கு மட்டும்தான்.

ரசீது போடும்போது பெயர், முகவரி, பான் எண் எல்லாம் கேட்கிறார்களே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை அமைப்பு ஆண்டுதோறும் வரித்துறைக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால்தான் உங்களுக்கு வரிச்சலுகைச் சான்றிதழ் கிடைக்கும். பெயர் தெரியாத நன்கொடைக்கு வேறொரு சிக்கலும் உண்டு. அது ஒரு லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. முழுக்க முழுக்க மதம் சார்ந்த அமைப்புகளுக்கு இதில் விலக்கு உண்டு. மற்ற இடங்களில் பெயர் சொல்லாமல் பெரிய தொகையை உண்டியலில் போட்டுவிட்டுப் போகிற நல்ல மனிதர், தெரியாமலேயே அந்த அமைப்பைச் சங்கடத்தில் விட்டுப் போகக்கூடும்.

தனிமனிதர் தருகிற பணத்தில் ஒரு பெரிய குணம், அது செய்தித்தாளைப் பார்த்து வரும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைச் சாலைகளில் பழைய துணி மலைபோலக் குவிந்து கிடந்தது; உடுத்த யாருமில்லாமல் மழையில் நனைந்தது. பணமும் அப்படித்தான் குவிந்தது. அந்தச் சமயத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஒரு காரியம் செய்தது. பேரிடர் நடந்து சில நாட்களிலேயே, இந்தப் பணிக்குத் தேவையான பணம் எங்களுக்கு வந்துவிட்டது, இனி இதற்கென்று தர வேண்டாம் என்று பொதுவில் அறிவித்தது. கொடுத்தவர்களிடம், உங்கள் பணத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டது. பெரும்பாலோர் சரி என்றார்கள். ஆழிப்பேரலைக்கென்று வாங்கிய பணத்தைக் கேட்காமல் வேறெதற்கும் செலவழிக்கக் கூடாது என்ற நேர்மை அதில் இருந்தது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிற செயல்களில் அது ஒன்று.

அலையாக வருகிற பணத்துக்கு நேர் எதிரானது மாதாமாதம் சொட்டுகிற பணம். 300 ரூபாய் தருகிற 100 பேர் இருந்தால் வேன் டீசலும் ஓட்டுநர் சம்பளமும் முடிந்துவிடும். யுபிஐயில் தானாகப் போகும்படி ஒருமுறை ஏற்பாடு செய்துவிட்டால் யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை, நீங்களும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிகிற பணம் ஒரு பொருளாளருக்குக் கொடுக்கிற நிம்மதியை, வருடத்துக்கு ஒருமுறை வருகிற லட்ச ரூபாய் கொடுப்பதில்லை. பிடி அரிசியின் சூட்சுமமும் இதுதான்.

கம்பெனிப் பணம்

கம்பெனிகள் சட்டம், 2013இன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கம்பெனியின் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டால், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சிஎஸ்ஆர் என்ற மூன்றெழுத்து ஊர்ப்புறத் தொண்டு நிறுவனங்கள் வரை போய்ச்சேர்ந்தது இதனால்தான். இந்தப் பணம் வாங்க விரும்புகிற அமைப்பு, கம்பெனி விவகார அமைச்சகத்திடம் தனியாகப் பதிந்து எண் வாங்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

இந்தச் சட்டத்தால் பெரும் நன்மை நடந்திருக்கிறது. பள்ளிக் கட்டடங்கள், கழிப்பறைகள், டயாலிசிஸ் இயந்திரங்கள் என்று கண்ணால் பார்க்கலாம். கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் அதன் குறையும். கம்பெனிக்குப் படம் எடுத்து ஆண்டறிக்கையில் போடும்படி ஏதாவது வேண்டும். எனவே குடிநீர் இயந்திரம் வரும், ஸ்மார்ட் வகுப்பறை வரும், பக்கவாட்டில் கம்பெனி பெயர் எழுதிய வேன் வரும். வேனுக்கு டீசல் வராது. மூன்றாம் வருடம் டயர் தேயும்போது அந்தக் கம்பெனியின் கவனம் வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கும்.

இன்னொன்று, மார்ச் மாதம். நிதியாண்டு முடிவதற்குள் செலவிட வேண்டும் என்ற அவசரத்தில் மார்ச் கடைசி வாரத்தில் பணம் வந்து விழும். தொண்டு நிறுவனத்துக்கோ வேறொரு விதி: ஓராண்டில் வந்த வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே தன் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். 28ஆம் தேதி வந்த பணத்தை 31ஆம் தேதிக்குள் எப்படிச் செலவிடுவது? கடைசி நேரத்தில் வந்தது, அடுத்த ஆண்டு செலவிடுகிறோம் என்று உரிய படிவத்தில் காலத்தோடு எழுதிக் கொடுத்தால் சட்டம் ஏற்கும். நல்ல ஆடிட்டர் இருக்கிற அமைப்பு இதைச் செய்துவிடும். இல்லாத அமைப்புக்கு வரி நோட்டீஸ் வரும்.

சிஎஸ்ஆர் விதியில் ஒரு 5 சதவீத உச்சவரம்பு இருக்கிறது. நிர்வாகச் செலவு, ஓராண்டின் சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அது. இந்த உச்சவரம்பு கம்பெனி தன் அலுவலகத்தில் இந்தப் பணிக்காகச் செய்கிற செலவுக்குத்தான். களத்தில் வேலை செய்கிற ஆசிரியரின் சம்பளம் திட்டச் செலவுதானே தவிர, நிர்வாகச் செலவு ஆகாது. 2021இல் அமைச்சகமே இதை விளக்கியிருக்கிறது. ஆனாலும் பல கம்பெனிகளின் அதிகாரிகள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற தொண்டு நிறுவனத்தாரிடம் உங்கள் நிர்வாகச் செலவை 5 சதவீதத்துக்குள் காட்டுங்கள் என்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் பணம் போய்விடுமோ என்று இவர்களும் தலையாட்டுகிறார்கள். விதியைப் படித்துவிட்டுப் போய், மரியாதையாக எடுத்துக்காட்டுவதில் தப்பே இல்லை.

அரசு மானியம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மத்திய அரசின் தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டம் போன்றவை சிறப்புப் பள்ளிகளுக்கு மானியம் தருகின்றன. மாநில அரசும் சில இனங்களில் தருகிறது. நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிந்த எண் வேண்டும். மாவட்ட அளவில் ஆய்வு, மாநிலப் பரிந்துரை, தில்லி ஒப்புதல் என்று கோப்பு நகரும். வாங்கிய பணத்தைச் சொன்னபடி செலவிட்டோம் என்று பயன்பாட்டுச் சான்று கொடுத்தால்தான் அடுத்த தவணை. பணம் நிச்சயம், தேதி நிச்சயமில்லை என்பதுதான் இதன் இயல்பு. ஜூனில் பள்ளி திறந்தால் சம்பளம் ஜூன் கடைசியில் கொடுத்தாக வேண்டும். மானியம் அடுத்த வருடம்கூட வரலாம். நடுவில் உள்ள மாதங்களை யாராவது ஒருவரின் நகைக்கடனோ கைமாற்றோ தாங்குகிறது. அதனால் கையில் சேமிப்பு இல்லாத அமைப்புக்கு அரசு மானியத்தை நம்பி வேலையைப் பெருக்குவது ஆபத்து.

வெளிநாட்டிலிருந்து வருவது

சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிற நம் பிள்ளைகள் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பது இயல்பு. இங்கே சட்டம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிடக் கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பார்க்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற ஒருவர் வெளிநாட்டில் சம்பாதித்த தன் சொந்தச் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க, எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு கைநீட்டினால் குற்றம். அண்ணன் பணத்தை வாங்கலாம், தம்பி பணத்தை வாங்கக் கூடாது என்ற நிலை ஒரே வீட்டுக்குள் வரும். பழைய மாணவர் சங்கங்களும் கிராம நலச் சங்கங்களும் இது தெரியாமலே மாட்டிக்கொள்கின்றன.

இந்தச் சட்டம் முதலில் 1976இல் வந்தது, 2010இல் புதிதாக எழுதப்பட்டது, 2020இல் மேலும் இறுக்கப்பட்டது. பதிவு ஐந்தாண்டுக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். பணம் எங்கிருந்து வந்தாலும் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி பிரதான கிளையில் உள்ள கணக்கில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், வெளிநாட்டுப் பணம் வாங்கிய ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்றானது. அதுவரை நகரத்துப் பெரிய அமைப்பு ஒன்று பணம் வாங்கி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்து, மலைக்கிராமத்தில் வேலை செய்கிற சிறு குழுக்களுக்குப் பகிர்ந்து வந்தது. அந்தக் கால்வாய் அடைபட்டது. கண்காணிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அறிக்கை எழுதத் தெரியாத, வேலை மட்டும் தெரிந்த குழுக்கள்தான் இதில் அதிகம் இழந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தானே சம்பாதிப்பது

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டட்டும், முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்வோம் என்பது ஏற்பாடு. கட்டணம் கட்டுகிறவருக்குத் தனி அறை கிடைக்கும், மற்றவருக்குப் பாய் கிடைக்கும். அறுவை செய்கிற மருத்துவர் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்பவர்தான். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. எனவே 1992இல் ஆரோலேப் என்ற அமைப்பைத் தொடங்கி லென்ஸையே இங்கே செய்தார்கள். அறுவை எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொன்றின் செலவும் குறைந்தது. நன்கொடைக்குக் காத்திருக்காமல் நோயாளியின் கட்டணத்திலேயே மருத்துவமனை வளர்ந்தது.

இதைக் காட்டி எல்லாத் தொண்டு நிறுவனங்களும் இப்படிச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கண்புரை எல்லோருக்கும் வருகிறது. பணக்காரரும் வரிசையில் நிற்பார். மனநலம் குன்றி ரயில் நிலையத்தில் கிடப்பவரை மீட்டு வைத்திருக்கிற இல்லத்துக்குக் கட்டணம் கட்டுகிற வாடிக்கையாளர் யார்? நம் 40 குழந்தைகளின் பெற்றோரில் பலரும் தினக்கூலிகள். மெழுகுவத்தி, காகிதப்பை செய்து விற்பது குழந்தைகளுக்கு நல்ல பயிற்சி. அதில் வாடகை வராது.

2022இல் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி விதிகள் வகுத்து, சமூகப் பங்குச் சந்தை என்று ஒன்றும் வந்திருக்கிறது. அதில் ஓர் அமைப்பு வெளியிடுகிற பத்திரத்தை வாங்கினால் வட்டியும் வராது, அசலும் திரும்பாது. சொன்ன வேலை நடந்ததா என்ற அறிக்கை மட்டும் வரும். பெயர் சந்தையாக இருந்தாலும் அது நன்கொடைதான். சிறு ஊர் அமைப்புகளுக்கு அதன் ஆவணச் சுமை இப்போதைக்கு எட்டாதது.

கணக்கை எப்படிப் படிப்பது

என் 100 ரூபாயில் எத்தனை ரூபாய் ஏழைக்குப் போகும் என்பதுதான் நன்கொடையாளர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்விதான், ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து நல்ல அமைப்புகளும் கணக்கெழுதுபவரை நீக்கிவிடுகின்றன, ஆசிரியர் சம்பளத்தைக் குறைக்கின்றன, இயன்முறை மருத்துவர் இல்லாமலே நடத்துகின்றன. சம்பளம் போதாமல் ஆசிரியர் ஆறு மாதத்தில் போய்விட்டால் குழந்தை மறுபடி புது முகத்திடம் பழக வேண்டும். மாதம் 9,000 ரூபாய் வாங்குகிற கணக்கரும் ஆடிட்டரும்தான் மீதி 2,01,000 ரூபாய்க்குக் காவல்.

எனவே ஓர் அமைப்புக்குத் தொடர்ந்து கொடுக்க நினைத்தால் ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவு செலவுக் கணக்கும் ஐந்தொகையும் கேளுங்கள். தயங்காமல் தருகிறார்களா என்பதே பாதிப் பதில். அதில் வரவுப் பக்கத்தை முதலில் பாருங்கள். மொத்த வரவில் பாதிக்கு மேல் ஒரே கையிலிருந்து வருகிறதென்றால், அந்தக் கை மடங்கினால் குழந்தைகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிறகு ஐந்தொகையில் கையிருப்பைப் பாருங்கள். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு வைத்திருந்தால், இவ்வளவு பணம் இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். மானியம் தாமதமாகும்போது அந்தச் சேமிப்புதான் சம்பளம் போடும். சட்டமும் ஆண்டு வருமானத்தில் 15 சதவீதம் வரை காரணம் கேட்காமல் சேர்த்துவைக்க அனுமதிக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்ன நோக்கத்துக்கு என்று எழுதிக் கொடுத்து ஐந்தாண்டு வரை வைத்திருக்கலாம். டிரஸ்டிகளின் உறவினருக்குச் சம்பளமோ வாடகையோ போகிறதா என்பதையும் பாருங்கள். போவது எப்போதும் தப்பில்லை, மறைப்பது தப்பு.

கட்டடத்துக்கு என்று வாங்கியதைச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. வெளிநாட்டுப் பணத்தை உள்நாட்டுக் கணக்கில் கலக்க முடியாது. சிஎஸ்ஆர் பணம் அந்தத் திட்டத்தோடு சரி. அதனால்தான் வங்கியில் பத்து லட்சம் இருக்கும்போதே ஓர் அமைப்பு மின்கட்டணத்துக்குக் கைமாற்று வாங்க நேர்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நடிப்பாகத் தெரியும். உள்ளே இருக்கிற மேனேஜருக்கு ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதிக்கு மேல் தூக்கம் வராது.

அடுத்த முறை அந்த டைரி வைத்திருக்கிற மேசைக்கு நீங்கள் போகும்போது ரசீதுப் புத்தகத்தைக் கவனியுங்கள். தொகைக்குக் கீழே நோக்கம் என்று ஒரு வரி இருக்கும். எழுதுகிறவர் பேனாவை அங்கே நிறுத்தி, மதியச் சாப்பாட்டுக்கா என்று நிமிர்ந்து பார்ப்பார். பொதுச் செலவுக்கு என்று எழுதச் சொல்லுங்கள்.